டூவலி பிக்கப் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மாடுகளுக்குப் புல் உருளை ஏற்றி வரவும், கோடை விடுமுறையில் வீட்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு பயணம் போகவும் எட்டு ஆண்டுகளாக ஒரு டூவலி வைத்திருக்கிறேன். பொங்கல் விழாவுக்கு அதை ஓட்டிக்கொண்டு போனால், இறங்கும்போதே நான்கு பேர் வந்து டயரைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆண்டுதோறும் ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. என் அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். பாரம், டயர், அச்சு என்ற பேச்சிலேயே வளர்ந்தவன் என்பதால் எனக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில் சொல்கிறேன்.

1. டூவலி என்றால் என்ன அண்ணா? பெரிய பிக்கப்புக்கு இன்னொரு பெயரா?

பெரிய பிக்கப் எல்லாம் டூவலி ஆகிவிடாது. முன்னால் இரண்டு டயர், பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர், ஆக ஆறு டயரில் ஓடும் பிக்கப்பைத்தான் அமெரிக்காவில் அப்படி அழைக்கிறார்கள். நம் ஊர் லாரியிலும் பஸ்ஸிலும் பின்னால் பார்த்திருப்பீர்களே, அதே அமைப்பு. வெளி டயருக்கு இடம் கொடுப்பதற்காகப் பின் மட்கார்டு இரண்டு பக்கமும், இடுப்பில் குடம் வைத்ததுபோலப் புடைத்து நிற்கும்.

ஆலையிலிருந்தே ஆறு டயரோடு வரும் பிக்கப்பை ஜெனரல் மோட்டார்ஸ் 1973-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று கடைக்குப் போனால் ஃபோர்டு எஃப்-350, எஃப்-450, ராம் 3500, செவ்ரோலே சில்வராடோ 3500 ஹெச்டி, ஜிஎம்சி சியரா 3500 ஹெச்டி ஆகியவற்றில்தான் தேட வேண்டும். எஃப்-450 பிக்கப் இரட்டைச் சக்கரத்தில் மட்டுமே வருகிறது. மற்றவை ஒற்றைச் சக்கரத்திலும், அதாவது பின்னால் பக்கத்துக்கு ஒரே டயரோடும், கிடைக்கும்.

கூரையின் முன்விளிம்பில் மஞ்சளாக ஐந்து விளக்குகள் எரிவதை அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமான வண்டிக்கு அமெரிக்கச் சட்டப்படி அந்த விளக்குகள் இருந்தாக வேண்டும்.

2. டயர் இரண்டு மடங்கு என்றால் இழுக்கும் சக்தியும் இரண்டு மடங்கா?

இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே மாடலில் ஒற்றைச் சக்கர வண்டியிலும் டூவலியிலும் பெரும்பாலும் ஒரே எஞ்சின்தான் இருக்கும். இழுப்பது எஞ்சினின் வேலை, தாங்குவது அச்சு, ஸ்பிரிங், டயர் ஆகியவற்றின் வேலை. டூவலி வாங்கும்போது நீங்கள் கூடுதலாகக் காசு கொடுப்பது தாங்கும் திறனுக்கு.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு முன்பாரம் என்ற சொல் தெரியும். மூட்டைகளை முன்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். டிரெய்லரும் அப்படித்தான். அதன் மொத்த எடையில் ஒரு பங்கு இழுக்கும் வண்டியின் மேல் வந்து உட்காருகிறது. பம்பருக்குக் கீழே கொக்கி மாட்டி இழுக்கும் சாதாரண டிரெய்லரில் இது 10 முதல் 15 சதவீதம். பிக்கப்பின் தொட்டிக்குள்ளேயே (பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த பகுதி) இணைப்பு வைத்து இழுக்கும் ஃபிஃப்த் வீல், கூஸ்நெக் வகைகளில் 15 முதல் 25 சதவீதம். இந்தப் பக்கம் முழுவதும் நான் முன்பாரம் என்று எழுதுவது இதைத்தான்.

டயரையே எடுத்துப் பாருங்கள். டூவலிகளில் பரவலாக வரும் ஒரு 17 அங்குல டயரின் பக்கச்சுவரில் 120/117 என்று சுமைக் குறியீடு இருக்கும். தனியாக ஓடினால் 1,400 கிலோ, ஜோடியாக ஓடினால் 1,285 கிலோ தாங்கும் என்று அதற்குப் பொருள். ஜோடியில் ஒவ்வொன்றின் திறனும் சற்றுக் குறைகிறது. ஆனாலும் நான்கும் சேர்ந்தால் 5,140 கிலோ. ஒற்றைச் சக்கர வண்டியில் 125 குறியீடுள்ள பெரிய டயர் போட்டாலும் இரண்டும் சேர்ந்து 3,300 கிலோதான்.

3. என் டிரெய்லருக்கு எது வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு நண்பருக்குப் போட்டுக் கொடுத்த கணக்கையே இங்கே எழுதுகிறேன். அவர் பார்த்து வைத்திருந்தது அதிகபட்ச எடை 16,000 பவுண்டு என்று எழுதிய ஃபிஃப்த் வீல் டிரெய்லர். முன்பாரம் 20 சதவீதம் என்று வைத்தால் 3,200 பவுண்டு.

முதலில் ஒற்றைச் சக்கர டீசல் வண்டி. அதன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 12,000 பவுண்டு என்றும், டேங்க் நிறைய டீசலோடு எடை மேடையில் ஏற்றினால் 8,000 என்றும் வைத்துக்கொள்வோம். மிச்சம் 4,000. தொட்டிக்குள் பொருத்தும் இணைப்புக்கு 200, நான்கு பேர் குடும்பத்துக்கு 600, கருவிப் பெட்டி, ஐஸ் பெட்டி, நாய் எல்லாவற்றுக்கும் 300. போக மிஞ்சுவது 2,900. முன்பாரமோ 3,200. வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே 300 பவுண்டு அதிகம். இப்போது டூவலி. அனுமதி 14,000, வண்டியின் எடை 8,700, மிச்சம் 5,300. அதே 1,100 பவுண்டைக் கழித்தால் 4,200. முன்பாரம் ஏறிய பிறகும் 1,000 பவுண்டு கையிருப்பு.

விளம்பரத்தில் வரும் உச்ச எண்களை நம்பி இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அதிகச் சுமை எண் பெரும்பாலும் இரண்டு கதவு, பெட்ரோல் எஞ்சின், பின்சக்கர இழுவை உள்ள அடிப்படை மாடலுக்கு உரியது. நான்கு கதவும் டீசல் எஞ்சினும் நான்கு சக்கர இழுவையும் சேரச் சேர வண்டியே கனத்து, சுமக்கும் அளவு குறைகிறது. ஓட்டுநர் கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்தான் உங்கள் வண்டியின் எண். மொத்த எடையோடு பின் அச்சுக்கான தனி வரம்பும் அதில் இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

லாரி ஓட்டுநர்கள் நிற்கும் பெட்ரோல் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற நிறுவனத்தின் எடை மேடைகள் இருக்கின்றன. டிரெய்லரோடு ஒரு முறை, அதைக் கழற்றிவிட்டு ஒரு முறை எடை போடுங்கள். வண்டியின் இரண்டு அச்சுகளும் முதல் முறை காட்டியதிலிருந்து இரண்டாம் முறை காட்டியதைக் கழித்தால் உண்மையான முன்பாரம் கிடைக்கும். நாங்கள் துணிமணி, தண்ணீர், சமையல் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு போட்டோம். நான் நினைத்ததைவிட 400 பவுண்டு கூடுதலாக இருந்தது. இருபது கிலோ அரிசி மூட்டையை முன்பக்க அலமாரியில் வைத்த ஞாபகம் அப்போதுதான் வந்தது. அது போன்ற பத்துப் பொருள்கள் அங்கே இருந்தன.

4. சுருக்கமாக ஒரு எண் சொல்லுங்கள். எத்தனை பவுண்டுக்கு மேல் டூவலி?

முன்பாரம் 3,000 பவுண்டைத் தாண்டினால் டூவலி வாங்குங்கள். 2,500-க்குக் கீழே என்றால் வேண்டாம், ஒற்றைச் சக்கரமே போதும். இது சட்டம் அல்ல, எட்டு ஆண்டு அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு. நடுவில் இருப்பவர்கள் எத்தனை நாள், எந்தச் சாலையில் இழுப்பார்கள் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

தொட்டியிலேயே தூக்கி வைக்கும் கேம்பர் (படுத்துத் தங்கும் சின்ன வீட்டுக் கூடு) வாங்குகிறவர்களுக்கு இந்த எண் பொருந்தாது. அங்கே கேம்பரின் எடை முழுவதும் வண்டி மேல்தான். உயரமும் அதிகம் என்பதால் அகலமான பின்பக்கம் மிகவும் உதவும்.

5. நெடுஞ்சாலையில் அசையாமல் போகும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. நான் டூவலியை விடாமல் வைத்திருக்க இதுதான் முதல் காரணம். ஃபோர்ட் வொர்த்திலிருந்து அமரில்லோவுக்குப் போகும் 287-ஆம் நெடுஞ்சாலையில் விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டினால் மறைப்பே கிடையாது. வெறும் புல்வெளி, பக்கவாட்டில் அறையும் காற்று. பழைய ஒற்றைச் சக்கர வண்டியில் அந்த வழியாகப் போனபோது, எதிரே ஒரு பெரிய லாரி கடந்தால் முதலில் டிரெய்லர் ஒரு பக்கம் உறிஞ்சப்படும், அடுத்த நொடி வண்டியின் பின்பக்கம் அதன் பின்னே போகும், ஸ்டியரிங்கில் என் கை இறுகும். பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள். நான்கு மணி நேரம் ஓட்டி இறங்கினால் தோள்பட்டை கல்லாக இருக்கும்.

டூவலியில் அதே சாலை, அதே டிரெய்லர். காற்று தள்ளுவது தெரிகிறது, ஆனால் பின்பக்கம் நெளிவதில்லை. பின் டயர்கள் அகலமாக ஊன்றி நிற்கின்றன, பக்கச்சுவர் நான்காக இருப்பதால் வளைவதும் குறைவு. காரணம் இவ்வளவுதான். அந்த முதல் பயணத்தில் பிள்ளைகள் அமரில்லோ வரை தூங்கினார்கள்.

6. ஓடும்போது ஒரு டயர் வெடித்தால்?

கனமான டிரெய்லரோடு போகும்போது ஒற்றைச் சக்கர வண்டியின் பின் டயர் வெடித்தால் அந்த மூலை அப்படியே இறங்கிவிடும். டூவலியில் பக்கத்து டயர் வண்டியைத் தாங்கி, ஓரம் கட்ட அவகாசம் கொடுக்கும். அவகாசம் மட்டும்தான், ஊர் போய்ச் சேர அனுமதி அல்ல. இரண்டாம் பதிலில் சொன்ன எண்களைப் பாருங்கள். இரண்டு பேர் சுமந்ததை ஒருவர் சுமக்கும்போது அந்த டயர் தன் வரம்பைத் தாண்டிவிடுகிறது.

இன்னொரு ஆபத்து, டயர் போனது தெரியாமலே போவது. உள் டயர் மெல்லக் காற்றிறங்கினால் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. அது பக்கத்து டயரோடு உரசிச் சூடேறி, முடிவில் இரண்டும் போகும். தீப்பிடிப்பதும் உண்டு. இதற்கான மருந்து எட்டாம் கேள்வியில் இருக்கிறது.

7. ஆறு டயர் மாற்றுவது பெரிய செலவு இல்லையா?

கூடுதல் செலவுதான். ஆனால் ஒன்றரை மடங்கு என்று நேராகக் கணக்குப் போட வேண்டாம். டூவலியில் வரும் 17 அங்குல ஒல்லி டயர், மற்ற வண்டிகளில் வரும் 20 அங்குலப் பெரிய டயரைவிடப் பெரும்பாலும் விலை குறைவு. கண்ணுக்குத் தெரியாத செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஜோடியாக ஓடும் இரண்டு டயர்களின் விட்டமும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. புது டயரும் பாதி தேய்ந்த டயரும் ஜோடி சேர்ந்தால் புதியது சுமையை எல்லாம் ஏற்றுக்கொள்ளும், பழையது தரையில் இழுபட்டுத் தேயும். அதனால் ஒன்று பஞ்சராகிப் போனாலும் பல நேரம் இரண்டு வாங்க வேண்டியிருக்கிறது.

டயர்களை இடம் மாற்றுவதிலும் ஒரு சிக்கல். டயர் உட்காரும் ஆறு டிஸ்க்கும் இரும்பு என்றால் முன், பின், உள், வெளி என்று விருப்பம்போல மாற்றலாம். அலுமினியம் என்றால் பெரும்பாலும் வெளியில் தெரிவது மட்டும்தான் அலுமினியம், உள்ளே இருப்பது இரும்பு. உள் டயரை வெளியே கொண்டுவர டிஸ்க்கிலிருந்தே கழற்றி மாட்ட வேண்டும், கூலியும் ஏறும். பளபளப்புக்காக நான் அலுமினியம் எடுத்தேன். இன்று வாங்கினால் இரும்புதான் எடுப்பேன்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு சுமார் 100 மைல் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி சரியான அளவுக்கு முறுக்குங்கள். கடைக்காரர் சொல்லாவிட்டாலும் செய்யுங்கள்.

8. உள் டயருக்குக் காற்று எப்படிப் பிடிப்பது? கையே நுழையாதே?

நுழையும், பழக வேண்டும். வெளிச் சக்கரத்தின் டிஸ்க்கில் விரல்கள் போகும் அளவுக்குத் துளைகள் இருக்கும். அதில் ஒன்றின் வழியே பார்த்தால் உள் டயரின் வால்வு தெரியும். இரண்டு பக்கமும் வாய் வைத்த நீளத் தண்டுக் காற்றுமுனை லாரிக் கடைகளில் கிடைக்கிறது. அதை உள்ளே விட்டு, வால்வின் தலையில் உட்காரவைத்து, அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் நாள் எனக்கு நான்கு டயருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. விரலெல்லாம் பிரேக் கரி. இப்போது பத்து நிமிடம். வால்வை நீட்டித் தரும் குழாய்களும் விற்கிறார்கள். மலிவானவை இணைப்பில் கசியும், வாங்கினால் உலோகத்தில் வாங்குங்கள்.

கார்களில் டயர் அழுத்த எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அந்தச் சட்டம் ஒரே அச்சில் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிகளுக்குப் பொருந்தாது. புது மாடல்களில் கருவி வருகிறது என்றாலும் பழைய டூவலி வாங்கினால் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இல்லாவிட்டால் தனியாக வாங்கிப் பொருத்துங்கள். இந்த ஒரு செலவில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

அப்பாவின் லாரியில் கிளீனர் ஒவ்வொரு டீக்கடையிலும் இறங்கி இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிக்கொண்டே வருவார். காற்றிருந்தால் கம்பி துள்ளித் திரும்பும், இல்லாவிட்டால் தொப்பென்று ஒட்டும். நானும் ஓய்விடங்களில் கட்டையால் தட்டுகிறேன். ஆனால் தட்டினால் தெரிவது டயர் முழுக்கப் படுத்துவிட்டதா என்பது மட்டுமே. 80-இல் இருக்க வேண்டியது 60-இல் இருந்தால் எந்தக் காதுக்கும் பிடிபடாது. பயணத்துக்கு முந்தைய இரவு, டயர் குளிர்ந்திருக்கும்போது, அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

அப்போதே இரண்டு டயருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். சரளைச் சாலையில் ஓட்டினால் கல் வந்து செருகிக்கொள்ளும். ஓட்டத்தில் அது பக்கச்சுவரை அறுக்கும், தெறித்தால் பின்னால் வருபவர் கண்ணாடிக்குப் போகும். கல் இறுகியிருந்தால் கடப்பாரையால் குத்தி எடுக்காதீர்கள், டயர்தான் கிழியும். வெளி டயரின் காற்றை இறக்கினால் தானாகத் தளரும்.

9. அலுவலகத்துக்கும் இதையே ஓட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம், அலுத்துப்போவீர்கள். ஒற்றைச் சக்கர வண்டியின் அகலம் ஏறக்குறைய 80 அங்குலம், டூவலியின் பின்பக்கம் சுமார் 96. நான்கு கதவும் எட்டடித் தொட்டியும் உள்ள வண்டி 22 அடி நீளம். வணிக வளாகத்தில் ஒரு கார் நிறுத்தும் கட்டம் பொதுவாக ஒன்பது அடி அகலம், 18 அடி நீளம். கட்டத்துக்குள் நிறுத்தினாலும் இரண்டு பக்கமும் ஆறு அங்குலம்தான் மிஞ்சும், மூக்கு நான்கு அடி வெளியே நிற்கும். நான் எப்போதும் கடைசி மூலையில் நிறுத்திவிட்டு நடக்கிறேன். பலமாடிக் கார் நிறுத்தங்களுக்குள் போவதே இல்லை. காரிலிருந்தபடியே வாங்கிச் செல்லும் உணவகச் சாளரமும் வங்கிச் சாளரமும் அப்படியே. ஓரக் கல்லில் பின் டயர் ஏறும், அல்லது பணத்துக்குக் கை எட்டாது.

இரண்டாவதாக ஒரு சின்னக் கார் வீட்டில் இருந்தால் மட்டுமே டூவலி சுகம். அதுவே ஒரே வண்டி என்றால் வேறு முடிவு எடுங்கள்.

10. வீட்டுக் கராஜில் நிற்குமா?

ஒற்றைக் கராஜ் கதவின் வழக்கமான அகலம் எட்டடி, அதாவது அதே 96 அங்குலம். நுழையவே நுழையாது. 16 அடி இரட்டைக் கதவு என்றால் நுழையும். ஆனால் 22 அடி வண்டி உள்ளே நின்று கதவு மூடுமா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். குடியிருப்புச் சங்க விதிகளையும் படித்துவிடுங்கள். சில சங்கங்கள் இரட்டைச் சக்கர வண்டியை வணிக வாகனமாகக் கருதி வாசலில் நிறுத்தத் தடை போடுகின்றன. இதைப் படிக்காமல் வாங்கி, மாத வாடகைக்கு வெளியே நிறுத்துகிற ஒரு குடும்பம் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறது.

11. கார் வாஷ்?

கன்வேயரில் இழுத்துச் செல்லும் சுரங்கப்பாதை வகையில் ஏற்றமாட்டார்கள். பின் டயர் அந்தப் பாதையில் அடங்காது. நாமே தண்ணீர் அடித்துக் கழுவும் இடங்கள்தான்.

12. மழை, பனி, சேறு இவற்றில் நான்கு டயர் நன்றாகப் பிடிக்குமே?

பாரம் இருக்கும்போது பிடிக்கும். காலி வண்டியில் நேர்மாறு. இருக்கிற கொஞ்ச எடையும் நான்கு டயருக்குப் பிரிந்துபோவதால் ஒவ்வொன்றும் தரையை லேசாகத்தான் அழுத்துகிறது. போதாதற்கு, பின் டயர்கள் முன் டயர்களின் தடத்தில் முழுமையாக ஓடுவதில்லை. வெளி டயர் புதுப் பனியை, புதுச் சேற்றைத் தானே உழுதுகொண்டு போக வேண்டும்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுவதும் உறைந்துபோன வாரத்தில், எங்கள் வாசல் சரிவில் டூவலி ஏற மறுத்து நின்றது. மாட்டுத்தீவன மூட்டைகளைத் தொட்டியில் பின் அச்சுக்கு நேர் மேலே ஏற்றி, நான்கு சக்கர இழுவையைப் போட்ட பிறகுதான் அசைந்தது. பனி விழும் மாநிலத்தில் இருப்பவர்கள் இழுவை நான்கு சக்கரத்துக்கும் உள்ள வண்டியாகவே வாங்குங்கள்.

13. காலியாக ஓட்டினால் தூக்கித் தூக்கிப் போடுமா?

போடும். 5,000 பவுண்டு சுமக்கச் செய்த ஸ்பிரிங்குக்கு நான்கு பேர் ஒரு பொருட்டே அல்ல. பாரம் ஏறிய பிறகு இதே வண்டி காரைப்போல மிதந்து போகும். ராம் 3500-இல் பின்பக்கத்துக்குக் காற்று சஸ்பென்ஷன் தேர்ந்தெடுக்கலாம், அது ஓரளவு மென்மை.

14. எரிபொருள் எவ்வளவு குடிக்கும்? டீசலா, பெட்ரோலா?

காரில் இருப்பதுபோல மைலேஜ் எழுதிய அரசுச் சீட்டை இதில் தேடாதீர்கள். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 8,500 பவுண்டைத் தாண்டிய பிக்கப்புகளுக்கு அந்தச் சீட்டே கிடையாது. அதே எஞ்சினோடு ஒப்பிட்டால் டூவலி சற்று அதிகம் குடிக்கும். எடையும் அகலமும் கூடுதல், ஆறு டயர் உருள வேண்டும். டிரெய்லரை மாட்டிவிட்டால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். அப்போது குடிப்பது டிரெய்லர்தான்.

மலைப்பாதையில் கனமாக இழுப்பவர்களுக்கு டீசல். இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைப்பது) வண்டியைப் பிடித்து நிறுத்துவதை ஒருமுறை பார்த்தவர்கள் வேறு எதையும் கேட்கமாட்டார்கள். பக்கத்து ஊருக்குள் புல், மணல், செங்கல் ஏற்றுபவர்களுக்குப் பெட்ரோல் போதும். எஞ்சின் எடை குறைவதால் சுமை கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றலாம்.

15. என் சாதாரண கார் உரிமம் போதுமா?

வண்டியை மட்டும் ஓட்டப் போதும். டிரெய்லரை மாட்டும்போதுதான் கவனம் வேண்டும். மூன்றாம் பதிலின் எண்களையே கூட்டுங்கள். டூவலிக்கு 14,000, டிரெய்லருக்கு 16,000, மொத்தம் 30,000. இரண்டும் சேர்ந்த அனுமதி எடை 26,001 பவுண்டோ மேலோ இருந்து, டிரெய்லர் மட்டும் 10,000-ஐத் தாண்டினால், டெக்சாஸில் சொந்தப் பயணத்துக்கே வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம் எடுக்க வேண்டும். வீட்டு டிரெய்லரை மகிழ்ச்சியாக இழுத்துப் போகும் பலருக்கு இது தெரியவே தெரியாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. உங்கள் மாநில ஓட்டுநர் கையேட்டில் பாருங்கள்.

கூலிக்கு ஓட்டுவதானால் அதே எடைகளில் வணிக ஓட்டுநர் உரிமம் கட்டாயம். மாநில எல்லை தாண்டித் தொழில் செய்தால் 10,001 பவுண்டிலிருந்தே மத்தியப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண்ணும் வேண்டும்.

16. டோலில் லாரிக் கட்டணம் வாங்குவார்களா?

டெக்சாஸில் அச்சுகளை எண்ணுகிறார்கள், டிரெய்லர் இல்லாவிட்டால் கார் கட்டணம்தான். நியூ ஜெர்சி டர்ன்பைக்கிலும், நியூயார்க்குக்கும் நியூ ஜெர்சிக்கும் நடுவே துறைமுக ஆணையம் நடத்தும் பாலங்கள், சுரங்கங்களிலும் இரட்டைப் பின்சக்கரம் இருந்தாலே தனி வகுப்பு, தனிக் கட்டணம். அங்கே தினமும் கடப்பவர்கள் இதையும் செலவில் சேர்க்க வேண்டும்.

17. ஓட்டிப் பழகுவது கடினமா? வீட்டில் அவரும் ஓட்ட வேண்டும்.

இரண்டு வாரம் போதும். முன்பக்கம் போன இடத்தில் பின்பக்கமும் போகும் என்ற நம்பிக்கையை முதலில் விட வேண்டும். திருப்பத்தில் இன்னும் கொஞ்சம் நேராகப் போய், பிறகு திருப்புங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கக் கண்ணாடியில் பின் மட்கார்டைப் பாருங்கள். காலி மைதானத்தில் நான்கு பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து என் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தேன். இன்று முகாம் இடத்தில் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்துவது அவர்தான். அவருக்குப் பொறுமை அதிகம், ஒரே தடவையில் முடித்துவிடுகிறார்.

18. ஒற்றைச் சக்கர வண்டியில் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப்பை போட்டுக்கொண்டால் டூவலிக்குச் சமம்தானே?

இதைச் சொல்லி விற்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. காற்றுப்பை தாழ்ந்த பின்பக்கத்தை நிமிர்த்தும், அவ்வளவே. அச்சின் வரம்பு, டயரின் வரம்பு, பிரேக்கின் வரம்பு, கதவுச் சீட்டில் அச்சிட்ட எண், எதுவும் அதனால் ஒரு பவுண்டுகூட உயராது. வண்டி நிமிர்ந்து நிற்பதால் பாரம் குறைந்துவிட்டதாக ஓட்டுபவருக்குத் தோன்றுவதுதான் பெரிய ஆபத்து. வரம்புக்குள் உள்ள பாரத்தைச் சமன்படுத்தப் போடுங்கள், வரம்பைத் தாண்டுவதற்குப் போடாதீர்கள்.

ஒற்றைச் சக்கர வண்டியில் இணைப்புத் துண்டு வைத்து ஆறு டயராக மாற்றித் தரும் கடைகளுக்கும் இதே பதில்.

19. எஃப்-450 என்றால் எஃப்-350-ஐவிட அதிகம் சுமக்குமா?

பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பிக்கப் வடிவத்தில் இரண்டின் அனுமதி எடையும் 14,000 பவுண்டுதான். எஃப்-450-இன் பாகங்கள் கனமானவை என்பதால் அதன் சுமக்கும் அளவு எஃப்-350 டூவலியைவிடக் குறைவு. அதன் பலம் இழுப்பதில் இருக்கிறது. 2023 மாடலுக்குக் கூஸ்நெக்கில் 40,000 பவுண்டு வரை என்று அறிவித்தார்கள். அகலமான முன் அச்சு இருப்பதால் இறுக்கமாகவும் திரும்பும். முகாம் இடங்களில் நுழைய அது பெரிய வசதி. முன்பாரம் மட்டுமே உங்கள் கவலை என்றால் எஃப்-350 போதும்.

20. பழைய டூவலி வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

முழங்காலிட்டு உள் டயர்களைப் பாருங்கள். விற்பவர்கள் வெளி டயரை மட்டும் புதிதாக மாற்றியிருப்பார்கள். பக்கச்சுவரில் உள்ள டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். உள்ளும் வெளியும் வயது வேறாக இருந்தால் ஏழாம் பதிலில் சொன்ன சிக்கலோடு அந்த வண்டி ஓடியிருக்கலாம்.

மைல் கணக்கோடு எஞ்சின் ஓடிய மணிக் கணக்கையும் கேளுங்கள். கூலிக்கு டிரெய்லர் இழுத்த வண்டிகள் நின்றபடியே பல மணி நேரம் ஓடியிருக்கும், மைலில் அது தெரியாது. தொட்டியின் நடுவில் உள்ள இணைப்புத் துளையின் ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். பின் மட்கார்டு இரண்டிலும் விரிசல், வண்ணம் அடித்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

21. ஆண்டுக்கு இரண்டு முறைதான் இழுப்பேன். அப்படியும் வாங்கலாமா?

வேண்டாம். ஆண்டில் 350 நாள் ஒன்பதாம், பத்தாம் பதில்களில் சொன்ன தொல்லைகளோடு வாழ்ந்து, 15 நாள் ஐந்தாம் பதிலின் நிம்மதியை அனுபவிப்பது சரியான பேரம் அல்ல. வாடகைக்கு எடுக்கலாமே என்பார்கள். டூவலி கொடுக்கும் கார் வாடகைக் கடை அரிது, கிடைத்தாலும் டிரெய்லர் இழுக்க ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று படிக்க வேண்டும். அதைவிட, டிரெய்லரைக் கொண்டுபோய் முகாமில் விட்டுவர ஆள் அமர்த்தலாம். அல்லது முன்பாரம் 2,000 பவுண்டுக்குள் அடங்கும் சிறிய டிரெய்லராகப் பார்க்கலாம். நான்கு பேருக்கு அதில் தாராளமாக இடம் இருக்கிறது.

டிரெய்லரை இன்னும் வாங்கவில்லை என்றால் அதை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு வண்டிக்கு வாருங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். டிரெய்லரின் பக்கவாட்டில் முன்மூலைக்கு அருகே எடைச் சீட்டு ஒட்டியிருக்கும். அதையும், பார்த்து வைத்திருக்கும் பிக்கப்பின் கதவுச் சீட்டையும் படம் எடுத்துக்கொண்டு அடுத்த விழாவுக்கு வாருங்கள். சாப்பாட்டுப் பந்திக்கு முன் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம்.